வீட்டுக்கு மூன்று நிமிஷம்

பாஸ்கலைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எழுதியது முக்கால் பக்கம். அதில் கையெழுத்துப் போடவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். வில்லியனூர் வரைக்கும் பஸ்ஸில் போய், தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தபால் பெட்டியில் போட்டேன். எழுபத்தொரு வயதில், முப்பத்து மூன்று வருஷம் சமூக அறிவியல் நடத்திய வாத்தியார் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த முக்கால் பக்கத்தால் ஒரு மனிதனின் வேலை போக இருந்தது. அதனால் இதைப் பெயர் போட்டு எழுதுகிறேன்.

பாஸ்கல் எங்கள் ஊருக்குத் தண்ணீர் திறந்து விடுகிறவர். வில்லியனூரிலிருந்து உறுவையாறு போகிற வழியில் இருக்கும் இந்த ஊருக்கு ஒரே ஒரு டேங்க். காலையில் மோட்டார் போட்டு அதை நிரப்புவது, பிறகு தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது, இதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய உத்தியோகம். நிரந்தர வேலை இல்லை. நாளையிலிருந்து வராதே என்று மேலே சொன்னால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

அவர் கையில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். இடுப்பு உயரம், மேலே குறுக்குப்பிடி, அடியில் வால்வின் தலையைக் கவ்விக்கொள்ள ஒரு குழி. வால்வைத் திருப்பத்தான் அதைக் கொடுத்தார்கள். பாஸ்கல் அதற்கு இன்னொரு வேலையும் வைத்திருந்தார். கம்பியின் அடியைக் குழாய் மேல் ஊன்றி, குறுக்குப்பிடியில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். கசிவுக்கு ஒரு சத்தம், மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஒரு சத்தம், யாரோ குடம் பிடித்தால் ஒரு சத்தம் என்று மண்ணுக்கு அடியில் நடப்பதை அப்படியே சொல்வார். அதில் அவர் தப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. டேங்கின் மூடிக்கு இரண்டு பூட்டு. பங்குச் சாமியாரின் தோட்டத்தில் ஒரு சித்திரையில் புல் பச்சையாக இருந்தது என்பதற்காகப் பூசை முடிகிற வரை காத்திருந்து, சாமியார் அங்கி கழற்றுவதற்குள் குழாயில் கம்பியை ஊன்றிவிட்டார். சொந்த மச்சான் வீட்டில் மகளின் நிச்சயதார்த்தத்தன்று உறிஞ்சு மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சமையலுக்கு வைத்திருந்த தண்ணீரை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டு வைத்தார். அந்த மச்சான் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சட்டமும் இருந்தது. வீட்டுக்கு மூன்று நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் தெருத் தெருவாக நடந்து வீடுகளை எண்ணி அவரே போட்ட சட்டம். எங்கள் மாதா கோயில் தெருவில் நாற்பத்தொரு வீடு, ஆகவே நூற்று இருபத்து மூன்று நிமிஷம். பிற்பாடு கண்ணையன் என்பவர் தன் கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்று, அது கண்ணையன் நகர் ஆனபோது, அங்கே பதினாறு கதவு எண்கள் இருந்தன. நாற்பத்தெட்டு நிமிஷம் கொடுத்தார். எவன் வந்து சொன்னாலும் ஒரு நிமிஷம் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்பார். இதை நியாயம் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் தெருவுக்கு அதிகம் வந்ததால் இன்னும் கொஞ்சம் உறுதியாகவே நினைத்தேன்.

அவர் எண்ணிய காலத்தில் எங்கள் தெருவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கிடைத்த பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தவர்கள் பிரான்சுக்கு, இல்லாதவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஹ்ரைனுக்கும். வீட்டை மட்டும் யாரும் விற்கவில்லை. விற்பதாவது, அங்கே சம்பாதித்து இங்கே மாடி கட்டினார்கள், டைல்ஸ் போட்டார்கள், பூட்டிவிட்டுப் போனார்கள். இப்போது நாற்பத்தொன்றில் திறந்திருப்பவை பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் எல்லாரும் என்னைப் போன்ற கிழங்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர்.

ஐந்நூறு அடி தள்ளிக் கண்ணையன் நகரில் நேர் எதிர். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த உளுந்தூர்பேட்டைக்காரர்கள், திருக்கோவிலூர்க்காரர்கள், ஒடிசா பையன்கள், டவுன் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள். லைன் வீடு என்று வரிசையாக அறைகளைக் கட்டிப் பத்துக் குடும்பத்துக்கு ஒரே கதவு எண். இப்படி நாலு லைன் வீடு. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து நின்றால் இறங்குகிறவர்களை எண்ணி முடிக்க முடியாது.

நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் உலகப் படத்தை மாட்டி நடத்திய பாடம் இது. ஒரு புள்ளிக்குப் பத்து லட்சம் பேர். கங்கைக் கரையில் புள்ளி வைக்க இடம் இருக்காது. சகாராவில் படம் வெறுமனே கிடக்கும். மனிதர்கள் பூமியில் சமமாகப் பரவவில்லை, காரணங்கள் நீர், மண், வேலை. ஐந்து மதிப்பெண் கேள்வி, தவறாமல் வரும். பிரான்சிலிருக்கும் என் மகன் ஆரோக்கிய பிரகாஷும் போனில் அதையேதான் சொல்வான். பாரீசு பக்கம் அவன் இருப்பது பதினாலு மாடிக் கட்டடம், லிப்டில் நிற்க இடமில்லை. ரயிலேறி இரண்டு மணி நேரம் போனால் சன்னல் சாத்திய வீடுகளாக ஊர் ஊராகக் கிடக்கிறதாம், நம் தெருவைப் போலவே. உலகத்துக்கே புள்ளி வைத்தவனுக்குத் தன் ஊருக்கு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பூட்டிய வீடுகளில் ஒன்பதின் சாவி பாஸ்கலின் மனைவி அந்தோணி மேரியிடம் இருந்தது. வாரம் ஒரு முறை பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் அவள்தான். அதிகம் பேசாத பெண். இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து சத்தம் போடும், அவள் போட மாட்டாள். அந்த ஒன்பதில் ஒன்று, என் வீட்டுக்கு அடுத்த வீடு, என் மகனுடையது. பெற்ற அப்பன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்க, சாவியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, உங்களுக்கு எதற்கு அப்பா சிரமம் என்றான். ஆளில்லாத வீட்டின் வழியாகத் திருடன் என் வீட்டுக்குள் இறங்கக்கூடாதே என்று நடுச்சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பி மேலே கண்ணாடித் துண்டு பதித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் தனியாக இருந்த மரிய செலின் டீச்சர் இறந்துபோனாள். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. பெங்களூர் மகனிடம் போயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். அதன் பிறகு கொஞ்ச நாளில் பாஸ்கல் புதிதாக ஒரு வழக்கம் ஆரம்பித்தார். காலையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்ததும் சில வீட்டு வாசல்களில் மட்டும் கம்பியை ஊன்றிக் காதை வைப்பார். என் வாசலிலும்தான், தினமும். கசிவு இல்லை, மோட்டார் இல்லை, என் வீட்டில் என்ன கேட்கிறான் இந்த ஆள் என்று எனக்கு எரியும். கேட்டால் வேலை என்பார்.

இந்த மார்ச்சில் வந்தது வினை. ஆறு மணிக்கு எங்கள் தெரு முறை தொடங்கினால் இருபது நிமிஷத்தில் நிரம்புகிற என் மாடித் தொட்டி ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் நிரம்பவில்லை. நான் கடிகாரத்தோடு குழாயடியில் நின்றேன், குறித்தேன். தினமும் ஆறு பதினைந்துக்குத் தண்ணீர் இளைத்தது, ஏழு பத்துக்கு மறுபடி தடித்தது. ஐந்து நிமிஷம் முன்பின் இல்லை. தானாக நடக்கிற காரியம் இப்படி மணி பார்த்து நடக்காது. யாரோ செய்கிறார்கள். வால்வு யார் கையில் இருக்கிறது? பாஸ்கல் கையில். அந்த வாரமே அவர் கண்ணையன் நகர் வால்வடியில் நின்று சின்னபொண்ணு என்கிற லைன் வீட்டுப் பெண்ணிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர் ஆபீசுக்கு எழுதினேன். ஒன்று, மாதா கோயில் தெருவின் தண்ணீரை ஆறு பதினைந்து முதல் ஏழு பத்து வரை ஆபரேட்டர் கள்ளத்தனமாக நகருக்குத் திருப்புகிறார். இரண்டு, அந்த நகர்க்காரர்களோடு ரகசியம் பேசுகிறார். மூன்று, வீட்டு வாசல் குழாய்களில் காதை வைத்து ஒட்டுக்கேட்கிறார். இப்படிக்கு, பாதிக்கப்பட்டோர். எழுதி முடித்தபோது இடது கை வலித்தது, மனசு வலிக்கவில்லை.

பத்து நாளில் பலன் கிடைத்தது. ஜே.இ. கலைவேந்தன், சின்ன வயதுப் பொறியாளர், ஒரு திங்கட்கிழமை டேங்கடியில் வந்து இறங்கினார். கடிதத்தைப் பாஸ்கலிடம் காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் வால்வுக்கு வேறு ஆள் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் பூசைக்குப் போகிறவன்போல அந்தப் பக்கமாக நடந்து இதையெல்லாம் கேட்டேன். பாஸ்கல் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்த் திருடனைப் பிடிக்கப் போவதாகவும், சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும், கடிகாரத்தோடு நான் வர வேண்டும் என்றும் சொன்னார். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறார்? தெரிந்துகொண்டு கூப்பிடுகிறாரா, தெரியாமலா? வரவில்லை என்றால் சந்தேகப்படுவார். வருகிறேன் என்றேன். நானும் அவரைக் கண்ணிலேயே வைத்திருக்கலாமே.

புதன்கிழமை காலை ஐந்து பத்துக்கு நகர் முறை. அவருடைய சந்தேகம் முழுதும் நகர் மேல்தான். வந்தவர்கள், வாடகைக்காரர்கள், தலைக்கட்டு வரியில் பெயர் இல்லாதவர்கள். பதினாறு இணைப்பிலும் கம்பியை ஊன்றினார். நான் பின்னால் நின்று அவர் ஏமாற்றுகிறாரா என்று பார்த்தேன். ஓர் இடத்திலும் மோட்டார் சத்தம் இல்லை, கள்ள இணைப்பும் இல்லை. இருந்ததெல்லாம் வரிசை. குழாய்க்குக் குழாய் குடமும் வாளியுமாக ஆட்கள், முகம் கழுவாமல், பல்லில் பிரஷ்ஷோடு, இடுப்பில் குழந்தையோடு. பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். அறை அறையாகக் கேட்டு எண்ணி முடித்தபோது நூற்று எண்பத்தாறு.

சின்னபொண்ணு எங்களைக் கண்டு ஒதுங்கவில்லை. சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள், லைன் வீட்டில் மூன்றாவது அறை. அன்றைக்கு வால்வடியில் என்ன ரகசியம் பேசினாய் என்று நான் கேட்டே விட்டேன். ரகசியம் ஒன்றுமில்லை, பத்து நிமிஷம் கூட்டிக் கேட்டாளாம், அவர் முடியாது என்றாராம்.

"பத்து ரூமுக்கு ஒரு கொழா சார். வூட்டுக்கு மூணு நிமிஷம்னு இவரு சொல்றாரு. எங்கள்து வூடா, ரூமா, இவரு இன்னான்னு எண்ணியிருக்காரு?"

பாஸ்கலின் கண் அவள் அறை வாசலில் இருந்த நீல டிரம்மின் மேல் இருந்தது. முறை இன்னும் அவளுக்கு வரவில்லை, டிரம்மில் முக்கால் தண்ணீர். லைன் வீடு முழுக்க அப்படித்தான். நாற்பத்தெட்டு நிமிஷத்தில் ஒரே குழாயில் பத்து அறைக்கும் டிரம் நிரம்பாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதை மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னால் ஒரு நல்ல மனுஷிக்குக் கெட்ட பேர் வரும் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி நடக்கும்போது, நல்ல மனுஷி என்றாளே என்று பாஸ்கல் ஊரிலிருக்கும் கன்னியர் மடத்தின் மேல் சந்தேகப்பட்டார். நான் இன்னும் பாஸ்கல் மேல்தான் சந்தேகப்பட்டேன். நல்ல மனுஷி என்பது அவரைக் காப்பாற்ற அவள் கட்டிய கதையாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை எங்கள் தெரு முறை. ஆறு பதினைந்துக்கு வழக்கம்போல் என் குழாய் இளைத்தது. மணியைச் சொன்னேன். பாஸ்கல் தெருமுனையிலிருந்து வீடு வீடாகக் கம்பியை ஊன்றினார். இதுவரைக்கும் பூட்டிய வீட்டு வாசலில் அவர் ஒரு நாளும் காது வைத்ததில்லை. ஆளில்லாத வீடு எப்படித் தண்ணீர் குடிக்கும்? அன்றைக்குத்தான் வேறு வழியில்லாமல் அவற்றிலும் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் ஊமை. என் மகன் வீட்டு வாசலில் ஊன்றினார். கண்ணை மூடினவர் உடனே திறந்தார்.

"வூடு பூட்டிக் கெடக்குது, தண்ணி ஓடுது," என்றார். "ஒரு கொழா இல்ல சார், நல்லா ஓடுது."

என் மகன் வீட்டுக்குள் திருடன். நான் போலீசைக் கூப்பிட போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் பூட்டு உடையவில்லை. உடையாத பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர் தன் வீட்டில் ஓர் ஆள் இருப்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்து வழியாகப் பின்பக்கம் போனோம். பிரகாஷ் வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. தோட்டத்துக் குழாய்களிலிருந்து ஆறு பிளாஸ்டிக் குழாய்கள் சந்துக்கு வந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் நகர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. துவைக்கிற கல்லில் அந்தோணி மேரி உட்கார்ந்திருந்தாள், மடியில் சாவிக்கொத்து. எந்த அறையில் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து பேர் உள்ள அறைக்கு ஐந்து குடம், இரண்டு பேர் என்றால் இரண்டு. தலைக்கு ஒரு குடம், அவ்வளவுதான் அவள் சட்டம். நான் எழுப்பிய சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனையும் நடந்திருக்கிறது. கண்ணாடித் துண்டுக்கு மேலே எட்டிப் பார்க்க முடியாததால் எனக்குத் தெரியவில்லை.

பாஸ்கல் அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். "சொல்லியிருந்தா வூட்டுக்கு மூணு நிமிஷம்னு நீங்க ஆரம்பிச்சிருப்பீங்க," என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

நான் விடவில்லை. என் மகன் வீட்டை நகர்க்காரர்களுக்குத் திறந்துவிட நீ யார் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவள் போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டாள். என் மகனின் குரல்.

"ஆன்ட்டி, வூடு சும்மாதான கெடக்குது. பின்னாடி கொழாயத் தொறந்து வுடுங்க, புடிச்சிக்கட்டும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு யாரையும் நம்ப மாட்டாரு. அதுக்காகத்தான் சாவியே ஒங்ககிட்ட குடுத்தேன்."

குடத்தோடு நின்றிருந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். சின்னபொண்ணு தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு என் மேல் இரக்கம். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழரைக்கு மேல் மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் மூடத் தோன்றவில்லை.

அன்று முழுக்க ஒரே யோசனை. உண்மையைச் சொன்னால் பாஸ்கலுக்கு வேலை போகும். அவர் மனைவிதானே தண்ணீர் கொடுத்தாள், புருஷனுக்குத் தெரியாதாம், யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன். அவள் இடுப்பில் இருக்கிற ஒன்பது சாவியும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். சொல்லாவிட்டாலும் வேலை போகும். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறவரை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு வழியில்லை. அந்த வழியை அடைத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை ஜே.இ. வந்தார். டேங்கடியில் பாஸ்கலும் அந்தோணி மேரியும் நின்றார்கள். யாரும் கூப்பிடாமல் நானும் போய் நின்றேன். தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். பாஸ்கல் முதல் தடவையாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தண்ணி திருட்டுப் போவல சார். ஆளு இருக்கிற எடத்துக்குப் போயிருக்கு. வால்வுதான் ஆளு இல்லாத எடத்துக்குத் தொறந்து இருந்திச்சி. அதத் தொறந்தது நான்தான், இத்தினி வருசமா."

பிறகு பின்கதவு, ஆறு குழாய், சாவி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மனைவியின் பெயரையும் சொன்னார். ஜே.இ. கோப்பைத் திறந்தார். அப்படியானால் கடிதத்தில் இருப்பது உண்மை என்றுதான் ஆகிறது, ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சும்மா விட முடியாது என்றார். கெட்ட மனுஷர் இல்லை. காகிதம் கையில் இருந்ததால் அப்படிப் பேசினார்.

"ஊர்க்காரங்க எழுதல," என்றேன். "நான் ஒருத்தன் எழுதுனது. இவரு திருப்புனாருன்னு எழுதுனேன், நான் கண்ணால பாக்கல. பொய்."

ஜே.இ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் கேட்டார். பிரிட்டோ, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றேன். பாஸ்கலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் சொன்னார், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல.

"தெரியும் சார். ஆறு பதினஞ்சி, ஏழு பத்துன்னு நிமிசத்தோட எழுதுற ஆளு இந்த ஊர்ல வேற யாரு? அதுக்குத்தான் சாட்சிக்கு ஒங்களக் கூப்ட்டேன்."

அதற்குப் பிறகு பேச்சு கணக்குக்கு வந்தது. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். நாற்பத்தொரு வீட்டில் இருபத்து மூன்று தலை. பதினாறு கதவில் நூற்று எண்பத்தாறு. ஜே.இ. இரண்டு முறை பார்த்துவிட்டு, எங்கள் நேரத்தை நகருக்கும் நகரின் நேரத்தை எங்களுக்கும் மாற்றிப் போடு என்றார், ஆபீசில் எழுதி வாங்கித் தருகிறேன் என்றார். அவ்வளவுதான். கோப்பிலிருந்த என் கடிதத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். கொடுப்பதற்கு முன் மூன்றாவது புகாரைப் படித்துவிட்டு, ஒட்டுக்கேட்பது என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று பாஸ்கலிடம் கேட்டார். அது வேலை சார் என்றார் பாஸ்கல்.

இப்போது நகருக்கு ஐந்து பத்திலிருந்து ஏழு பதின்மூன்று வரை. எங்களுக்கு ஏழே காலிலிருந்து நாற்பத்தெட்டு நிமிஷம். தெருவில் சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாதவர்களின் வீட்டிலும் தொட்டி நிரம்பித்தான் வழிகிறது. பிரகாஷ் போன் செய்து தண்ணீர் போதுமா அப்பா என்று கேட்டான். நான் ஒருத்தன்தானேடா என்றேன். சொன்ன பிறகுதான், என் வீட்டின் எண்ணிக்கையை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்று தெரிந்தது. சாவியைத் தரட்டுமா என்று அவன் கேட்டான். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றேன்.

எல்லாம் மாறியும் பாஸ்கலின் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஏழே காலுக்குத் தண்ணீர் திறந்ததும் என் வாசலுக்கு வந்து கம்பியை ஊன்றிக் காதை வைக்கிறார். ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வந்து, இன்னும் என்மேல் சந்தேகமா என்று கேட்டேன். அவர் கம்பியிலிருந்து காதை எடுக்காமல் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"செலின் டீச்சர் வூட்டுக் கொழா மூணு நாளு சத்தமே இல்ல. ஊருக்குப் போயிருக்காங்கன்னு நான் தாண்டிப் போயிட்டேன்," என்றார். "இந்தத் தெருவுல ஆறு வூட்ல ஒத்த ஆளு. தண்ணி வுட்டதும் உள்ள கொழா தொறக்குற சத்தம் கேட்டுதுன்னா அடுத்த வூட்டுக்குப் போவேன். கேக்கலன்னா கதவத் தட்டுவேன். நீங்க எப்பவும் மொதல்லயே தொறந்துடுவீங்க சார்."

கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். நான் எத்தனை நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கடிகாரம் கையில்தான் இருந்தது, பார்க்கவில்லை.

மறுநாள் ஏழே காலுக்கு உள்ளே குழாயடியில் காத்திருந்தேன். வாசலில் கம்பி ஊன்றுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தேன்.

பிரிட்டோ,
மாதா கோயில் தெரு.